பூட்டிய பீரோவுக்குள் பதினோரு சாவு

பதினோரு ஃப்ளாப்பிகள், பதினொன்றும் பாழ். அவை இருந்த இரும்பு பீரோ பூட்டியபடியே இருந்தது. அந்தப் பூட்டுக்கு இருந்த ஒரே சாவி இரண்டு மாதமாக வேறு ஊரில், ஒரு மனிதரின் சட்டைப் பையில் இருந்தது. அந்த மனிதரின் வேலை இன்று மத்தியானம் மூன்று மணிக்குப் போகப் போகிறது.

இவ்வளவையும் விதைப் பேராசிரியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது மணி பத்தேகால். கம்ப்யூட்டர் மையத்தில் ‘பயனர் ஆலோசகர்’ என்று பலகை வைத்த மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

“நாலு வருஷம்! எந்த விதை எத்தனை நாள்ல முளைச்சுது, எது முளைக்கவே இல்லை, ஒண்ணு விடாம எண்ணிப் போட்டு வச்சிருந்தேன். எல்லாம் செத்துப் போச்சு. டாக்டரம்மா, நீங்க கேக்கறீங்களா இல்லையா?”

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஏழு வாரமாக எல்லாம் அவள் காதில் விழுகிறது, அதோடு சரி. யார் சொல்வதும் உள்ளே போய் எதையும் அசைப்பதில்லை. காலையில் குடித்த டீயில் சர்க்கரை இருந்ததா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் முந்நூறு பேர் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அந்தப் பட்டம் வாங்காத இவளைத்தான் எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள். வளாகத்துக்கு கம்ப்யூட்டர் வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் ஃப்ளாப்பியைச் சட்டைப் பைக்கு அடங்கும்படி நாலாக மடித்து வைத்த விரிவுரையாளரிலிருந்து, கீபோர்டைச் சோப்புப் போட்டுக் கழுவிய நூலகர் வரை எல்லோருடைய குட்டையும் இவள் கண்டுபிடித்திருந்தாள். யார் என்ன பண்ணினார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே வரவழைத்துவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு காலத்தில் சந்தோஷம் இருந்தது.

“அந்த ஆளு மேல ஏன் சந்தேகம்?” என்றாள்.

“ஏன்னா? லேப் பீரோ சாவி அவன்கிட்டதான். ரெண்டு மாசம் முன்னாடி, லீவு கேட்டான். நான் வெளிநாட்டுக்குக் கிளம்பிட்டு இருந்தேன். நானும் இல்லாம நீயும் இல்லாம லேப்பை யார் பார்ப்பான்னு முடியாதுன்னுட்டேன். முறைச்சுட்டுப் போயிட்டான், சாவியையும் எடுத்துட்டு! திங்கக்கிழமை ரெண்டு பேரும் திரும்பி வந்தோம். பீரோவைத் திறந்தா இந்தக் கதி. வேற யார் பண்ணியிருப்பா?”

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து திருப்புளியால் நகத்தில் அழுக்கு எடுத்துக்கொண்டிருந்த ஐம்பத்திரண்டு வயது ஆசாமி தலையைத் தூக்கினார். இருபத்தாறு வருஷம் டைப்ரைட்டர் மெக்கானிக்காக இருந்தவர். பல்கலைக்கழகம் டைப்ரைட்டர் வாங்குவதை நிறுத்தியதும் இவரைத் தூக்கி எறிய மனசு வராமல் கம்ப்யூட்டர் மையத்தில் போட்டார்கள். விரல்களில் ஏறிய கறுப்பு மை இன்னும் இறங்கவில்லை. பெயரும் ரிப்பன் என்றே நிலைத்துவிட்டது.

“நல்லவேளை மேடம், செ...” என்று ஆரம்பித்த ரிப்பன் நிறுத்திக்கொண்டார். “மயங்கி விழுந்தது ஃப்ளாப்பி. மனுஷனா இருந்தா போலீஸ் வந்து மூணு நாள் டீ குடிச்சிட்டு இருப்பாங்க.”

முன்பெல்லாம் ஒரு நாளைக்கு இருபது தடவை ‘செத்துப் போச்சு’ என்பார் அவர். ஏழு வாரமாக அந்த வார்த்தை அவர் வாயில் வருவதில்லை. டாக்டரம்மா அதைக் கவனித்திருந்தாள். நன்றியும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை.

“போகலாம் அண்ணே,” என்று பையை எடுத்தாள்.

*

தாவரவியல் துறையின் கம்ப்யூட்டர் அறை முதல் மாடியில், விதைகளை அடுக்கி வைத்த அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு மேஜை, அதன்மேல் ஃப்ளாப்பியைச் செருகும் டிரைவ் ஒன்று வைத்த மெஷின், ஒரு பிரிண்டர், ஓர் இரும்பு பீரோ. சுவரில் பேராசிரியை கைப்பட எழுதிய அறிவிப்பு: ‘வெளியாட்களின் ஃப்ளாப்பிகளை இந்த மெஷினில் போடக் கூடாது’. அடியில் இரண்டு கோடு.

லேப் பொறுப்பாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இருபத்தொரு வருஷம் அந்தத் துறையின் எல்லாச் சாவியும் அவரிடம்தான். சாவிக்காரர் என்றால்தான் தெரியும். இன்று அந்தக் கொத்தை வாங்கி வைத்துவிட்டார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வேட்டி மடிப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

“நான் ஒண்ணுமே பண்ணலைம்மா,” என்றார். “பொண்ணுக்குப் பிரசவம். சிக்கலாயிடுச்சு. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி வாசல்லதான் கிடந்தேன். சாவி பையில இருந்ததே எனக்கு அங்க போய்தான் தெரியும். ஃப்ளாப்பியைக் கொல்ற அளவுக்கு எனக்கு ஏதும்மா நேரம்?”

“இதைப் பாருங்க,” என்று பேராசிரியை சாவிக்காரரின் மேஜையிலிருந்து எடுத்து வந்த ஒரு குதிரைலாடக் காந்தத்தை நீட்டினார். “காந்தம் வச்சா ஃப்ளாப்பி போயிடும்னு நீங்கதானே ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினீங்க?”

“அது குண்டூசி பொறுக்கறதுக்கு,” என்றார் சாவிக்காரர் மெல்ல.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா காந்தத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தாள். தன் பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்து மெஷினில் போட்டாள். கடகடவென்று படித்தது. பேராசிரியையின் ஃப்ளாப்பியைப் போட்டாள். டிரைவ் உறுமியது, தேடியது, மறுபடி உறுமியது. ‘படிக்க முடியவில்லை’ என்று திரை சொன்னது. இரண்டாவது, மூன்றாவது என்று பதினொன்றும் அதே உறுமலோடு அதே பதிலைத்தான் தந்தன.

“பார்த்தீங்களா? மெஷின் நல்லாத்தான் இருக்கு,” என்றார் பேராசிரியை.

“காந்தம் இல்லை,” என்றாள் டாக்டரம்மா.

“எப்படிச் சொல்றீங்க?”

“காந்தம் தடவினா ஒண்ணுல முன்பாதி போகும், ஒண்ணுல பின்பாதி போகும், ரெண்டு மூணு தப்பிச்சுக்கும். இங்க பதினொண்ணுக்கும் ஒரே மாதிரி.”

“காந்தத்துக்கு அவ்வளவு நியாய புத்தி கிடையாதுங்க,” என்று ரிப்பன் எடுத்துக் கொடுத்தார். “எங்க ஆபீஸ் மாதிரி. பார்த்துப் பார்த்துத்தான் செய்யும்.”

பேராசிரியை சிரிக்கவில்லை. சாவிக்காரருக்குச் சிரிக்கத் தெம்பில்லை. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு என்கிற சமாச்சாரமே மறந்து போயிருந்தது.

“வேற நகல் இருக்கா?”

“வீட்டுல ஒரு செட் இருக்கு. என் துணி அலமாரியில, புடவைக்கு அடியில. மூணு மாசம் முன்னாடி எடுத்தது. அதுக்கப்புறம் எண்ணினது மட்டும்தான் அதுல இருக்காது,” என்று சொல்லும்போதே பேராசிரியையின் குரல் இறங்கியது. “வீட்டுல மெஷின் கிடையாது. அதனால போட்டுப் பார்க்கலை.”

“கொண்டு வாங்க. அது படிச்சா உங்க நாலு வருஷம் தப்பிச்சுது.”

“அவர் வேலை?” என்றார் ரிப்பன்.

“அது தப்பிக்காது,” என்றார் பேராசிரியை, காரை எடுக்கக் கிளம்பியபடி.

*

அவர் போய் வர முக்கால் மணி ஆயிற்று. அதற்குள் டாக்டரம்மா சாவிக்காரரிடம் நிதானமாக நாலு கேள்வி கேட்டாள். அவள் கேட்கும் கேள்விகள் எப்போதும் சம்பந்தமில்லாத மாதிரிதான் இருக்கும்.

“இந்த ஃப்ளாப்பியையெல்லாம் எப்படிப் பார்த்துப்பீங்க?”

மூன்று நாளில் முதல் தடவையாக ஒருத்தர் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டதும் மனிதர் நிமிர்ந்தார். “மாசம் பொறந்தா முதல் வேலை அதுதாம்மா. பழசு களைச்சுப் போயிடும்னு எல்லாத்தையும் புதுசா நகல் எடுத்து அடுக்குவேன். நாலு வருஷமா ஒரு மாசம் விட்டதில்லை. லீவுல போனதாலதான் ரெண்டு மாசம் தவறிடுச்சு.”

“எந்த மெஷின்ல?”

“இதுலதான். வேற ஏது?”

“வெளி ஃப்ளாப்பி போடக் கூடாதுன்னு எழுதியிருக்கே, எதுக்கு?”

“போட்டா படிக்காதும்மா. முதல் மூணு வருஷம் எல்லாம் படிச்சுது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளியில இருந்து வர்றது எதுவும் ஏறலை. பக்கத்துத் துறைக்காரங்க கொண்டு வந்தா உறுமும். அம்மா சொன்னாங்க, ஊர்க் குப்பையெல்லாம் நம்ம மெஷின்ல போட்டு அதைக் கெடுக்கறாங்க, இனிமே யாரையும் விடாதேன்னு. நம்மளது மட்டும் தங்கமாட்டம் படிக்கும்.”

டாக்டரம்மா தன் ஃப்ளாப்பியைப் பார்த்தாள். அதுவும் வெளி ஃப்ளாப்பிதான். இன்றைக்குத் தடுமாறாமல் படித்ததே?

அவளுக்கு மூக்கு வேர்த்திருக்க வேண்டிய இடம் அது. வழக்கமாக இந்த இடத்தில் உள்ளங்கை குறுகுறுக்கும். இப்போது ஒன்றுமில்லை. ஒரு தகவல் இன்னொரு தகவலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

“திங்கக்கிழமை வந்து மெஷினைப் போட்டப்போ என்ன ஆச்சு?”

“கிளம்பவே இல்லைம்மா. மெஷினைக் கிளப்பற ஃப்ளாப்பி இருக்குமே, அதுவும் போயிருந்தது. இவர்தான் வந்து புதுசு ஒண்ணு கொடுத்தார்.”

“ஆமா, கொடுத்தேன்,” என்றார் ரிப்பன். இதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

“அந்தப் பழசு எங்க இருந்தது, பீரோவிலயா?”

“இல்லை, அது எப்பவும் மெஷின் பக்கத்துலதான் கிடக்கும்.”

“அப்போ சாவு பதினொண்ணு இல்லை, பன்னிரண்டு,” என்றாள். “பன்னிரண்டாவது பீரோவுக்கு வெளியில. அதை நாம ஓசியில தந்துடுவோம்னு எல்லாருக்கும் தெரியும். பழிவாங்கறவன் அதைத் தொட்டு என்ன லாபம்? பீரோவை யாரும் திறக்கவே இல்லை அண்ணே.”

எதற்கெடுத்தாலும் ஒரு வாய் வைக்கிற ரிப்பன், ஜன்னலுக்கு வெளியே காக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோடை லீவுல எல்லாத் துறைக்கும் வருஷச் சோதனைக்குப் போனோமே. இந்தத் துறைக்கு வந்தது நீங்கதானே?”

“நம்ம மையத்துல இருக்கறது ரெண்டு பேரு. ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் வந்திருக்கணும். தபால்காரரா வந்திருப்பாரு?”

அவர்தான் வந்திருக்கிறார் என்று டாக்டரம்மா எடுத்துக்கொண்டாள்.

பேராசிரியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மாடியேறி வந்தார். பதினோரு நகல்கள். முதலாவதைப் போட்டார்கள். உறுமியது. படிக்கவில்லை. நாலாவதோடு பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“என் வீட்டு அலமாரிக்குள்ள எப்படி வந்தான் அவன்?” என்றார். குரலில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது.

“வரலை,” என்றாள் டாக்டரம்மா. “உங்க அலமாரிக்குள்ள யாரும் வரலை, பீரோவுக்குள்ளயும் யாரும் போகலை. இருபத்து மூணு ஃப்ளாப்பிக்கும் ஒண்ணும் ஆகலை. எல்லாம் உயிரோட இருக்கு.”

*

“மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லாம இருந்தது,” என்று அவள் விளக்கினாள். “ஃப்ளாப்பியில கண்ணுக்குத் தெரியாத வரி வரியா எழுதியிருக்கும். டிரைவுக்குள்ள ஒரு சின்னத் தலை அந்த வரி மேலயே போய் எழுதும், படிக்கும். உங்க மெஷின்ல அந்தத் தலை கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, வரிக்கு நடுவுல ஓட ஆரம்பிச்சிருக்கு. அது எழுதினதை அது படிக்கும். ஊரார் எழுதினதைப் படிக்காது. இவர் மாசா மாசம் ஒழுங்கா நகல் எடுத்ததால, ஃப்ளாப்பிகளும் மெஷினோடயே சேர்ந்து நகர்ந்துடுச்சு. இவர் சோம்பேறியா இருந்திருந்தா ஒரு வருஷம் முன்னாடியே விஷயம் தெரிஞ்சிருக்கும்.”

“புரியலை,” என்றார் பேராசிரியை.

ரிப்பன்தான் வாயைத் திறந்தார், ஏதோ கடமைக்குச் சொல்வது போல. “கழுத்து கோணின ஒருத்தன் வீட்டுல எல்லாப் படத்தையும் தன் கழுத்துக்கு நேரா மாட்டி வச்சிருந்தான் மேடம். அவனுக்கு எல்லாம் நேராத்தான் தெரிஞ்சுது. அடுத்த வீட்டுக்குப் போனாத்தான், ‘என்னய்யா எல்லாம் கோணலா மாட்டியிருக்கே’ம்பான். ஒரு நாள் வைத்தியர் வந்து கழுத்தை நிமித்தி விட்டுட்டாரு. அன்னிக்கு வீட்டுக்கு வந்தவன், ‘எவன்டா என் படத்தையெல்லாம் கோணலாக்கினது’ன்னு வேலைக்காரனை அடிக்கப் போனான்.”

பேராசிரியை சுவரில் தான் எழுதி ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தார். பிறகு சாவிக்காரரைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் பார்வையை மாற்றிக்கொண்டார்.

“அப்போ கழுத்தை நிமித்தினது யாரு?” என்றார்.

“அதைப் பார்த்துடலாம். மெஷினைத் திறக்கறவங்க மூடிக்கு உள்பக்கம் தேதியும் கையெழுத்தும் பென்சில்ல போடணும். இவர் டைப்ரைட்டர் கடைப் பழக்கம், எங்க மையத்துலயும் அதையே சட்டமாக்கிட்டோம்.”

“நானே திறக்கறேன்,” என்று ரிப்பன் முந்திக்கொண்டார்.

நாலு திருகு. வழக்கமாக நாலு திருகுக்கு நாலு ஜோக் வரும். இப்போது நாலும் மௌனமாகக் கழன்றன. மூடியைத் தூக்கிய ரிப்பன் அதைத் தன் மார்போடு அணைத்தாற்போல் திருப்பி, உள்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.

“அண்ணே.”

“தூசும்மா.”

“விரலை எடுங்க அண்ணே.”

கறுத்த கட்டை விரல் ஒரு ஓரத்தை மட்டும்தான் மழுப்பியிருந்தது. மீதி பளிச்சென்று தெரிந்தது. ‘வருடாந்திரச் சோதனை. தலை விலகல். சரி செய்யப்பட்டது.’ அடியில் தேதி, அடியில் கையெழுத்து. அச்சடித்த மாதிரி எழுத்து, ஒரு கோட்டில்கூட நடுக்கமில்லை.

கையெழுத்து அவளுடையது.

தேதியை இரண்டு தடவை படித்தாள். அவளுடைய தம்பியை எடுத்துக்கொண்டு போன நாளுக்கு மறுநாள்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. அவளோடுதான் இருந்தான். காய்ச்சல் என்று படுத்தவன் ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். மறுநாள் காலை எட்டரைக்கு அவள் மையத்தின் கதவைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் தான் எங்கே போனோம், எந்த மெஷினைத் தொட்டோம் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இந்த அறைக்குப் போன வருஷம் வந்தது ஞாபகம் இருக்கிறது. ஏழு வாரம் முன்பு வந்தது சுத்தமாக இல்லை.

வழக்கமாக யாருக்கு எதை மாற்றினாலும், ‘உங்க பழைய ஃப்ளாப்பியைப் போட்டுப் பாருங்க, படிச்சா நகல் எடுத்துட்டுத்தான் கையை வைப்பேன்’ என்று சொல்கிறவள் அவள். அன்றைக்கு வாட்ச்மேன் மாற்றுச் சாவியால் அறையைத் திறந்துவிட்டுப் போயிருப்பான்; அதைக் கேட்க ஆள் இல்லை. ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்கிற நினைப்பும் இல்லை. பட்டியலில் அடுத்த துறை இருந்தது, போய்விட்டாள்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“திங்கக்கிழமை அந்தப் பழைய ஃப்ளாப்பியைப் பார்த்ததுமே சந்தேகம்,” என்றார் ரிப்பன். “நான் இந்த மாடி ஏறலைன்னு எனக்குத் தெரியும் இல்லையா. ரெண்டு பேர்ல ஒருத்தர்.”

“சொல்லலையே.”

“எப்படிம்மா சொல்றது? வேற வழியில கண்டுபிடிச்சு, வேற யார் தலையிலயாவது... என் தலையிலயே போட்டுக்கலாம்னு இருந்தேன். என்கிட்ட எல்லாரும் எதிர்பார்க்கறதுதானே.”

சாவிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மணி பன்னிரண்டே முக்கால்.

“திருப்பி வைக்கணும்,” என்றாள் டாக்டரம்மா.

“எதை?”

“மெஷினை மறுபடி நோயாளியாக்கணும்.”

*

எவ்வளவு விலக்கி வைப்பது என்பதுதான் கேள்வி. ஒரு முடி அதிகமானாலும் படிக்காது, குறைந்தாலும் படிக்காது. அன்றைக்கு எவ்வளவு திருப்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் டார்ச்சை வாங்கி டிரைவின் இடுக்கில் அடித்தாள். தலையைப் பிடித்திருக்கும் சின்னத் திருகு தெரிந்தது. அதன் பக்கத்தில், உலோகத்தின்மேல் ஊசியால் கீறிய ஒரு மெல்லிய கோடு.

“கீறல் இருக்கு,” என்றாள்.

ரிப்பன் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு வெகுநேரம் நிமிரவில்லை. எதையும் நகர்த்துமுன் அது முதலில் இருந்த இடத்தில் ஒரு கீறல் போட வேண்டும். டைப்ரைட்டர் காலத்திலிருந்து அவர் வலியுறுத்தி வந்த பழக்கம். அந்த நாளில், எதுவுமே மண்டையில் ஏறாத அந்த நிலையிலும், அவள் கை அதைச் செய்திருக்கிறது.

“கை நல்ல கைம்மா,” என்றார்.

அவள் நல்ல ஃப்ளாப்பியைப் போட்டு மெஷினைக் கிளப்பினாள். தகவலை அனுப்பும் புரோகிராமை ஏற்றினாள். ரிப்பன் மையத்துக்கு ஓடிப்போய் இன்னொரு மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மாடிப்படியில் அதைத் தூக்க முதலில் கை கொடுத்தவர் சாவிக்காரர். இரண்டு மெஷினுக்கும் நடுவில் கேபிள் போட்டார்கள். நோயாளி மெஷின் எடுக்கும் நகலும் கோணலாகத்தானே இருக்கும். அதனால் அது படிக்கப் படிக்க, கேபிள் வழியாக நல்ல மெஷின் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

“மயக்கத்துல இருக்கறவர்கிட்ட உயில் எழுதி வாங்கற மாதிரி,” என்றார் ரிப்பன் மூச்சு வாங்க.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா திருப்புளியை உள்ளே விட்டாள். கீறலை நோக்கிக் கொஞ்சம். பேராசிரியையின் முதல் ஃப்ளாப்பியைப் போட்டாள். உறுமல். இன்னும் கொஞ்சம். உறுமல். பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டார். திருகு கீறலுக்கு நேராக வந்து நின்றது.

டிரைவ் கடகடவென்று படித்தது. பக்கத்து மெஷின் திரையில் வரிசை வரிசையாக எண்கள் விழுந்தன. விதையின் பெயர், போட்ட தேதி, முளைத்த தேதி. முளைக்காதவற்றுக்கு நேராக ஒரு சைபர்.

பேராசிரியை அழுதுவிட்டார். சாவிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். டாக்டரம்மா அடுத்த ஃப்ளாப்பியைக் கையில் எடுத்து, முதலாவது முடியக் காத்திருந்தாள். தன்னைத் தவிர எல்லோருக்கும் ஏதோ நடக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது.

பதினோராவது முடியும்போது மணி மூன்றுக்கு ஐந்து நிமிஷம்.

*

மூன்று மணிக்குக் கூடிய விசாரணைக் குழு என்றால் பதிவாளரும் ஒரு நீள மேஜையும் இரண்டு பேராசிரியர்களும்தான். பதிவாளர் கறாரான மனிதர். விதைப் பேராசிரியை எழுந்து, தன் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பிறகு சாவிக்கொத்தைத் தன் கைப்பட சாவிக்காரரிடம் கொடுத்து, “லீவு கொடுத்திருக்கணும். என் தப்பு,” என்றார். அதைச் சொல்ல அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது. சாவிக்காரர் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். இப்போதுதான் கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது.

“அப்போ யார்தான் பொறுப்பு?” என்றார் பதிவாளர்.

ரிப்பன் அரை அடி முன்னால் வந்தார். டாக்டரம்மா அவரைத் தாண்டி இன்னும் அரை அடி முன்னால் போனாள்.

“நான்தான் சார். வருஷச் சோதனையில டிரைவ் தலையைத் திருப்பி வச்சது நான். ஃப்ளாப்பியைச் சரிபார்க்காம செஞ்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. எனக்கு ஞாபகமே இல்லை.”

“ஞாபகம் இல்லையா? ஒரு மனுஷனுக்கு வேலை போக இருந்தது. நாலு வருஷத்துல ஒரு தடவைகூட உங்க மேல புகார் வந்ததில்லை. எப்படிம்மா மறக்கும்?”

பதில் நாலே வார்த்தைதான். ஏழு வாரத்தில் அந்த நாலு வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டியதோடு சரி.

ரிப்பன் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். எட்டாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கறுத்திருந்தது. “இதைப் பாருங்க சார். ஏழு வாரமா என்கிட்டதான் இருக்கு. நானே டைப் அடிச்சேன், என் பழைய மெஷின்ல. கொடுக்கத்தான் தைரியம் வரலை.”

பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கோப்புகளைப் படிக்கும் அதே குரலில் வாசித்தார்.

“விடுப்பு விண்ணப்பம். ஐயா, என் தம்பி நேற்று இறந்துவிட்டதால் எனக்குப் பதினைந்து நாள் விடுப்பு அளிக்குமாறு...” குரல் தணிந்தது. “கையெழுத்து இல்லையே.”

அவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. இந்தத் தடவை விழுந்தது அங்கேயே நிற்காமல் உள்ளே இறங்கிப் போயிற்று. எங்கே போகிறது என்று அவளுக்கே தெரிந்தது. வலித்தது.

பதிவாளர் பேனாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். “இன்னிக்குத் தேதி போட்டுக்குங்க. மத்த விளக்கமெல்லாம் திரும்பி வந்து எழுதிக் கொடுக்கலாம்.”

ரிப்பன் ஒரு விரலால் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார், நகராமல். அவள் கையெழுத்துப் போட்டாள். மூடிக்குள் அச்சு மாதிரி எழுதிய அதே கை. இரண்டாவது எழுத்திலேயே உதறத் தொடங்கி, கோடு மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டு போய்க் காகிதத்தின் விளிம்பில் நின்றது.

“கோணிப் போச்சு அண்ணே,” என்றாள். கன்னத்தில் ஈரம் வழிவது தெரிந்தும் துடைக்கவில்லை.

“பரவாயில்லைம்மா,” என்றார் ரிப்பன். “எனக்குப் படிக்க வருது.”